ஒழுகல்

இலக்கியம் பேசும் இடத்தில் ஒரு பழைய வண்டியைப் பழுதுபார்த்த கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை இருவருமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். எந்த வரி யாருடையது என்று பிரிக்கத் தொடங்கினால் வீட்டில் சண்டை வரும். எங்களில் ஒருவர் கணிப்பொறித் துறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். மற்றவர் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். நாள்காட்டி மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்ததைத் தவிர, சுத்தியலைத் தொட்ட அனுபவம் இருவருக்குமே கிடையாது.

2021-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நாங்கள் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு மோட்டார் ஹோமை வாங்கினோம். 1993-ல் செய்யப்பட்டது, 24 அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, நெற்றி புடைத்தாற்போல், ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் அடுப்பு, குளிர்பெட்டி, சாப்பாட்டு மேசை, ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு வருடம் ஒரே சன்னலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. ஸ்டைன்பெக் 1960-ல் ஒரு சிறு சரக்கு வண்டியின் முதுகில் அறை ஒன்றை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்ததையும், டான் கிஹோத்தேயின் குதிரையுடைய பெயரை அந்த வண்டிக்குச் சூட்டியதையும் கல்லூரி நாட்களில் வாசித்திருந்தோம். அந்த ரோசினான்ட்டே இன்றும் கலிஃபோர்னியாவின் சாலினாஸ் நகரில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் போய்ப் பார்ப்பது என்பதுதான் வண்டி வாங்க நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறோம்.

*

விற்றவர் நல்ல மனிதர். எல்லாம் வேலை செய்கிறது என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. விளக்கைப் போட்டால் எரிந்தது, அடுப்பு பற்றியது, டயர்களின் பட்டன்கள் புதிது போல் ஆழமாக இருந்தன. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள், முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். எங்களுடையதில் 3609 என்றிருந்தது. 2009-ஆம் ஆண்டின் முப்பத்தாறாவது வாரம். பன்னிரண்டு வயது. ஓடாமல் நிற்கும் வண்டியில் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் உள்ளுக்குள் இறுகி, வெடிப்பு விட்டு, ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் கிழிந்துபோகும். ஆறு டயர்களையும் மாற்றினோம்.

எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவியும் அப்படித்தான். பச்சை விளக்கு சீராக எரிந்துகொண்டிருந்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தால், அதன் ஆயுட்காலம் முடிந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் உணரி சில ஆண்டுகளில் மந்தமாகிவிடும். மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே அந்தப் பச்சை விளக்கு சொல்லும். மூக்கு போய்விட்ட காவல் நாயின் பக்கத்தில் படுத்துறங்கத் தயாராக இருந்திருக்கிறோம். புதிய கருவி வாங்கி மாட்டினோம். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம், வரவில்லை. வாயு அழுத்தத்தைச் சீராக்கும் பாகத்தையும் பிரேக்கையும் மட்டும் தொடவில்லை, தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டோம். பழுதுபார்க்கக் கற்றுக்கொள்பவன் முதலில் கற்கவேண்டியது எதைத் தொடக்கூடாது என்பதை.

குளிர்பெட்டி எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். அதில் மோட்டார் கிடையாது. சிறு தீச்சுடரை வைத்துக் குளிர்விக்கிறது. சுடர் அம்மோனியா கலந்த நீரைக் கொதிக்கவைக்கும். பிரிந்த அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜனுக்கு நடுவே ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மீண்டும் நீரில் கரைந்து கீழே இறங்கும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அசையும் பாகமே இல்லாத இந்தச் சாதனத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை: சமதளத்தில் நிற்கவேண்டும். சாய்ந்து நின்றால் திரவம் இறங்கும் வழியில் தேங்கும், சுடர் வெற்றுக் குழாயைச் சுட்டுப் பாழாக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தைக் குளிர்பெட்டிக்குள் வைத்து வண்டியை நிறுத்தப் பழகினோம். எங்கள் பெட்டி குளிராமல் போனதற்கு, சுடர்க் குழாய்க்குள் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்ததுதான் காரணம். தூரிகை ஒன்று போதுமானதாக இருந்தது.

இவையெல்லாம் முதல் மாதத்துச் சந்தோஷங்கள்.

*

2022 ஏப்ரலில், பனி உருகிய பிறகு, வண்டியைத் திறந்தபோது காளான் வாடை அடித்தது. ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் படுக்கையின் இடது மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. விரலால் அழுத்தினோம். விரல் உள்ளே போயிற்று.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவியோடு வந்தார். இரண்டு ஊசிகளைச் செருகினால் எண் காட்டும். 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மரம் மக்கத் தொடங்கும் என்றார். மூலையில் கருவியின் எல்லைக்கு மேலே போயிற்று. சுவர்ப் பலகையை உரித்தோம். உள்ளே இரண்டு அங்குலச் சட்டங்கள் புட்டு போல் உதிர்ந்தன. இந்த வகை வண்டிகளில் உடம்பு என்பது மெல்லிய மரச்சட்டமும் அதன்மேல் போர்த்திய தகடும்தான். நீர் உள்ளே புகுந்துவிட்டால் சட்டம் போய்விடும், தகடு மட்டும் பளபளவென்று நிற்கும். "இதை விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது" என்று சொல்லிவிட்டுத் தச்சர் போனார்.

அன்றிரவு எங்களில் ஒருவர், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். மற்றவர் பதில் சொல்லவில்லை. பதினோரு நாட்கள் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் மௌனத்துக்கும் பல தினுசுகள் உண்டு. இது அதுவரை நாங்கள் பார்க்காத தினுசு.

இங்கே ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். தென்காசிப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றில் எங்களில் ஒருவருக்கு அம்மாவாகவும் மற்றவருக்கு அத்தையாகவும் இருந்தவர் தனியாக வாழ்ந்தார். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் பேசுவோம். "எல்லாம் நல்லாத்தான் இருக்குய்யா, ஒண்ணுக்கும் வெசனப்படாத" என்பார். மழைக்கு வீடு ஒழுகுகிறதா என்று கேட்டால், "ஒரு சொட்டு கிடையாது" என்பார். 2020 மார்ச் மாதம் இந்தியாவுக்கான பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரலில் அவர் மாரடைப்பில் இறந்தார். கைபேசித் திரையில், கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். நாங்கள் இங்கே சமையலறையில் நின்றபடி பார்த்தோம்.

2021 டிசம்பரில்தான் போக முடிந்தது. பூட்டைத் திறந்தால், பட்டாசாலையில் நான்கு பாத்திரங்களும் ஒரு பிளாஸ்டிக் வாளியும், ஒவ்வொன்றும் ஒரு கறைக்கு நேர் கீழே. கடைசி மழையில் வைத்தவர் வைத்தபடியே போயிருக்கிறார். எத்தனை ஆண்டுகளாக ஒழுகியதோ? ஆள் விட்டு ஓடு மாற்றப் பணம் அனுப்பியிருக்க முடியாதா எங்களால்? நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். நன்றாக இருக்கிறது என்று கேட்பது எங்களுக்கும் வசதியாக இருந்தது. அங்கிருந்து ஒரு பித்தளைப் போணியை மட்டும் எடுத்துவந்தோம்.

பன்னிரண்டாம் நாள் காலை, விற்றுவிடலாம் என்று சொன்னவரே ஏணியை எடுத்து வந்து வண்டியில் சாய்த்தார். இன்னொரு ஒழுகும் கூரையை விட்டுவிட்டுப் போவதில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

*

ஒழுகலைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. நீர் புகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. ஓட்டு வீட்டிலும் அப்படித்தான். நீர் சட்டத்தின் வழியே நான்கு முழம் ஓடிவந்து எங்கோ விழும். ஓடு மாற்றுகிறவர் மேலே ஏறி நிற்க, அம்மா உள்ளேயிருந்து கம்பால் ஓட்டைத் தட்டி, "இங்க, இன்னும் மேல" என்று கத்துவார். நாங்களும் ஒருவர் கூரைமேல் தோட்டக் குழாயோடும் மற்றவர் உள்ளே டார்ச்சோடும் ஒரு நாள் முழுக்க நின்றோம். ஒரு சொட்டும் விழவில்லை.

பிறகு தச்சர் ஒரு வழி சொன்னார். சன்னல்களையும் குழாய் வாய்களையும் ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டு, மேல்சன்னல் வழியாக, இலை ஊதும் இயந்திரத்தால் வண்டிக்குள் காற்றை ஏற்றவேண்டும். வெளியே சோப்பு நீரைத் தடவவேண்டும். காற்று வெளியேறும் இடம்தான் நீர் உள்ளே வரும் இடம். எரிவாயுவுக்குச் செய்த அதே சோதனை, வண்டி முழுவதற்குமாக.

80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிகளுக்கு நெற்றியில் ஐந்து மஞ்சள் விளக்குகள் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த ஐந்தில் நடுவிளக்கின் அடியிலிருந்து குமிழிகள் பொங்கி வந்தன. விளக்குக்கு அடியிலிருந்த ரப்பர் மெத்தை எப்போதோ சுருங்கிப்போயிருந்தது. எங்கள் வீட்டு முன்பாதை இடப்பக்கம் சரிவானது. நடுவில் புகுந்த நீர் சட்டத்தோடு ஓடி, சரிவில் இறங்கி, இடது மூலையை அரித்திருக்கிறது. நாலு டாலர் விளக்கு, நாற்பது டாலர் சரிவு, நாலாயிரம் டாலர் மூலை என்று எங்கள் கணித ஆசிரியர் கணக்குப் போட்டார்.

மூன்று வாரம் மின்விசிறி வைத்து உலர்த்தினோம். மக்கியதை வெட்டி எடுத்து, மிச்ச மரத்துக்குப் பூஞ்சை பிடிக்காதிருக்கப் போரேட் கரைசல் அடித்து, புதுச் சட்டத்தைப் பழைய சட்டத்தோடு தோள் கொடுத்தாற்போல் சேர்த்துப் பசையும் திருகாணியும் போட்டு இறுக்கினோம். முதல் சட்டத்தை இரண்டு முறை தவறாக அறுத்தோம். விளக்குகள் ஐந்தையும் கழற்றி, அடியில் பியூட்டைல் நாடா வைத்து மாட்டினோம். முன்பு யாரோ சிலிகோன் அப்பியிருந்தார்கள். அதைச் சுரண்டவே நான்கு நாள் ஆயிற்று. காய்ந்த சிலிகோன்மேல் எதுவும் ஒட்டாது, புதிய சிலிகோன் உட்பட. அவசரமாக மூடிய காயம் அடுத்த மருந்தையும் ஏற்காது.

சுவர் திறந்திருக்கும்போதே மற்றவற்றையும் செய்தோம். அந்தக் காலத்துச் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலின் குழாய்கள் வெடிக்கும் பேர்பெற்றவை. அவற்றை எடுத்துவிட்டுப் பெக்ஸ் குழாய் போட்டோம். ஒவ்வொன்றும் 18 வாட் குடித்த பல்புகளுக்குப் பதிலாக மூன்று வாட் எல்.இ.டி. ஈய மின்கலத்தில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம். எடை பாதிக்கும் கீழே. அதை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக்கூடாது என்பதால் படுக்கைக்கு அடியில், கதகதப்பில் வைத்தோம். என்ஜினோடு நேராக இணைத்தால் அது இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். நடுவே அளந்து கொடுக்கும் ஒரு கருவி வேண்டும். இதையெல்லாம் படித்துப் படித்துச் செய்தோம். அந்தக் கோடை முழுக்கக் கதைப் புத்தகம் எதையும் தொடவில்லை. அது குறையாகவும் தோன்றவில்லை.

*

2023 செப்டம்பரில் மேக்கினாக் பாலத்தைக் கடந்து வடக்கே போனோம். ஐந்து மைல் நீளப் பாலம். பக்கக் காற்றில் வண்டியின் நெற்றி பாய்மரம் போல் திணறியது. சட்டங்கள் முனகுகின்றனவா என்று காது கொடுத்தபடியே போனோம். முனகவில்லை.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இரண்டாம் நாள் இரவு மழை பிடித்தது. நெற்றிப் படுக்கையில் இருவரும் கண்ணை மூடாமல் கிடந்தோம். இடது மூலையை ஆளுக்கொரு முறை தடவிப் பார்த்தோம். காய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொட்டு. சற்று நேரம் சென்று இன்னொன்று.

எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர் இறங்கிப்போய், சாப்பாட்டு மேசைமேல் பித்தளைப் போணியை வைத்துவிட்டு வந்தார். சத்தம் மாறியது. ஊரில் மழைக்காலத்தில் கேட்டுக்கொண்டே தூங்கிய அதே சத்தம். அம்மா அதைத் தனியாக எத்தனை இரவுகள் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டது அன்றுதான் முதல் முறை. விடியும் வரை பேசினோம்.

காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். மேல்சன்னலின் விளிம்பில் ஒரு திருகாணிக்கு மேல் பூச்சு வெடித்திருந்தது. பத்து நிமிட வேலை.

சாலினாஸுக்கு இன்னும் போகவில்லை. தென்காசி வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று.