மர்மக் காய்ச்சல்

பத்திரிகைத் தொழிலில் சில சொற்கள் தேடாமலே கைக்கு வந்துவிடும். 'பரபரப்பு', 'அதிர்ச்சி', 'மர்மம்' என்பன அவற்றுட் சில. செய்தியின் உள்ளே என்ன இருக்கின்றது என்பது எழுதுபவருக்கே தெளிவில்லாத வேளைகளில் இவை பெரிதும் துணை செய்யும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் 'மர்மக் காய்ச்சல்' பரவுகின்றது என்ற செய்தியைப் படித்தபோது, முன்னொரு காலத்தில் நானே இட்ட தலைப்பொன்று நினைவுக்கு வந்து உறுத்தியது.

அது 1980களின் தொடக்கம். நான் அப்போது உதவி ஆசிரியன். மாரிகாலத்து மாலையொன்றில் வன்னியிலிருந்து எமது நிருபர் தொலைபேசியில் செய்தி சொன்னார். சில நாட்கள் காய்ச்சலில் கிடந்த கமக்காரர் ஒருவர், கண்கள் மஞ்சளாகி, சிறுநீர் பிரியாமல் வைத்தியசாலையில் இறந்துவிட்டார். என்ன நோய் என்று நிருபருக்குத் தெரியவில்லை. வைத்தியரிடம் கேட்டுச் சொல்லுமாறு நானும் அவரைப் பணிக்கவில்லை. பக்கம் அச்சுக்குப் போகும் நேரம். 'மர்மக் காய்ச்சலுக்குக் கமக்காரர் பலி' என்று இரண்டு பத்தி அகலத்தில் தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரங்களின் பின்னர் இறந்தவரின் தமையனார், அந்தப் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். அவர் என்னை ஏசவில்லை.

"ஐயா, நீங்கள் இப்பிடிப் போட்டதாலை தம்பியின்ரை எட்டுச் செலவுக்கு ஊர்ச்சனம் ஒருத்தரும் வரேல்லை. பொதுக் கிணத்திலை தண்ணி அள்ளவும் எங்களை விடேல்லை. அது எலிக்காய்ச்சலாம். ஆளிலையிருந்து ஆளுக்குத் தொத்தாது எண்டு டொக்டர் சொன்னவர். அதையும் ஒருக்கால் போடுவியளோ?"

போட்டோம். உட்பக்கத்தில் நான்கு வரிகள். முதற் செய்தியைப் படித்தவர்களுள் எத்தனை பேர் அந்த நான்கு வரிகளைக் கண்டிருப்பார்கள்?

தேநீர் குடிக்குமாறு சொன்னேன். வயலில் தண்ணீர் நிற்கின்றது, களை பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தம்பியைக் கொன்றது அத்தகைய தண்ணீர்தான் என்பதை அவரிடம் அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

பின்னர் வைத்திய நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டேன். இந்நோயை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவான பக்ரீறியா. ஜப்பானில் இனாடாவும் இடோவும் 1915 ஆம் ஆண்டளவில் இதனை இனங்கண்டனர். விலங்குகளின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீருடன் வெளியேறும் இக்கிருமி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிர்வாழும். காலிலுள்ள சிறு கீறலும் வெடிப்பும் அது உட்புகப் போதும். கண், வாய், மூக்கு வழியாகவும் புகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களின் பின்னர் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவத்தல் என நோய் தொடங்கும். முற்றினால் ஈரலும் சிறுநீரகமும் பழுதுறும். நுரையீரலில் குருதி கசியும். ஆரம்பத்திலேயே வந்தவரைப் பெனிசிலின் போன்ற பழைய மருந்துகளாலேயே குணப்படுத்த முடியும்.

எலிக்காய்ச்சல் என்ற பெயரிலும் ஒரு குறை உண்டு. எலி மட்டுமன்றி மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியனவும் இக்கிருமியைப் பரப்பக்கூடியவை. தன் வயலில் எலியைக் காணாத கமக்காரர் தமக்கு ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகின்றார். வரம்பில் மேயும் தன் மாட்டை அவர் சந்தேகிப்பதில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிய நோயன்று. 2008 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். வயலில் இறங்குவோருக்கு நோய் வராமற் காப்பதற்கென டொக்சிசைக்கிளின் மாத்திரையை, வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்ற அளவில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இலவசமாக வழங்குகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் யார் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று சொல்வார்.

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையால் குடாநாட்டின் வயல்களும் ஒழுங்கைகளும் வெள்ளத்தில் மூழ்கின. அதனைத் தொடர்ந்தே காய்ச்சல் வந்தது. குருதி மாதிரிகளைப் பரிசோதித்ததில் அது எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது. டிசெம்பர் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் இறந்துவிட்டனர். மாத்திரை இருந்தது, அதனைக் கொடுக்க அதிகாரிகளும் இருந்தனர். ஆயினும் வெள்ளத்தில் நின்ற ஒருவர், தன் உடம்பு நோவு வெறும் தடிமற் காய்ச்சலன்று என உணர்ந்து மூன்றாம் நாளுக்கு முன் வைத்தியசாலைக்குப் போக வேண்டுமானால், அவருக்கு அதனை யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வது எங்கள் தொழில்.

பரிசோதனை முடிவு வரும்வரை நோயின் பெயரை எழுத முடியாதுதான். ஆனால் பெயர் தெரியாதது மர்மம் ஆகிவிடாது. மர்மம் என்றதும் வாசகர் அஞ்சுவார், அயலவரை ஒதுக்குவார், தான் செய்யக்கூடியது எதுவுமில்லை என்று இருந்துவிடுவார்.

இன்று அந்த மேசையில் இருப்பேனாகில் வேறு விதமாக எழுதுவேன். 'காய்ச்சலின் காரணம் பரிசோதிக்கப்படுகின்றது. வயலிலோ வெள்ளத்திலோ நின்றவர்கள் காய்ச்சல் கண்டதும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் மறவாமற் கூறுங்கள்.' பத்திரிகை விற்க இது உதவாது. தம்பியை இழந்து வந்த அந்த மனிதர், மீண்டும் வயலில் இறங்குமுன் படித்திருக்க வேண்டிய செய்தி இதுதான்.