வெள்ளத்தைத் தாங்கும் மை

குள்ளஞ்சாவடி, ஐப்பசி

திங்கள்

மை வந்துவிட்டது. பெலிக்கான் 4001, புளூ பிளாக். இரும்புச் சத்து கலந்த மை, தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும் என்பதால் வரவழைத்தேன். அப்பாவின் போர்வெல் நோட்டை இதில்தான் திரும்ப எழுதப் போகிறேன்.

அப்பா இந்தச் சுற்றுவட்டாரத்தில் போர்வெல் போட்டவர். எந்தக் கொல்லையில் எத்தனை அடிக்குச் செம்மண், எங்கே மணல், எங்கே வெள்ளைக் களி, எந்த ஆழத்தில் கரி தட்டியது என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்ததில் தொடங்கியதுதான் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் கதை. இந்த மண்ணில் துளை போட்டவன் கண்டதை எழுதி வைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. 2015 நவம்பர் வெள்ளத்தில் அந்த நோட்டு ஊறிக் கிடந்தது. பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் நீலத் திட்டாகிப் போனது. வெயிலில் நின்றுகொண்டே அவர் பென்சிலில் கிறுக்கிய வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பென்சில் தண்ணீரில் கரையாது. ஆனால் கை பட்டுப் பட்டு மங்கிவிடும்.

செவ்வாய்

கடைத்தெருவில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, கணக்கு எழுதும் நீளப் பேரேடு ஒன்று வாங்கினேன். “இங்க் பேனாவுக்கா அண்ணே? சின்ன நோட்டுல ஊறும், பேரேடே எடுத்துக்குங்க” என்றார் கடைக்காரர். வீட்டில் டி.என்.பி.எல். நகல் தாள் இருக்கிறது. கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்வது. புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் சில தாள்களும் பெட்டியில் கிடந்தன.

பேனா திருவள்ளூரில் கடைந்த எபோனைட். ஃபில்லரால் நேரே உடம்புக்குள் மை ஊற்றி, கழுத்தைத் திருகி மூடினேன். எல்லாத் தாளிலும் ஒரே வரி: “செம்மண் 20, மணல் 35.”

பள்ளி நோட்டில் என் பழைய ராயல் புளூ மை ஒவ்வோர் எழுத்துக்கும் மயிர் முளைத்ததுபோல் பரவியது. புது மை அதே தாளில் ஏறக்குறைய கோட்டுக்குள் நின்றது. நகல் தாளில் இன்னும் சுத்தம். கைக்காகிதத்தில் எழுத அழகுதான், ஆனால் நிப்பில் நார் சிக்கிக்கொள்கிறது. இரண்டு வரிக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது. வாழ்த்து எழுதலாம், கணக்கு எழுத முடியாது.

புதன்

விடாத தூறல். காற்று ஈரத்தில் தாள் துவண்டு கிடக்கிறது. நேற்று நன்றாக நின்ற பள்ளி நோட்டிலும் இன்று பின்பக்கம் மை தெரிகிறது. ஆகவே மையைக் குறை சொல்வதற்கு முன் தாளைப் பார்க்க வேண்டும். காகிதம் செய்யும்போது சேர்க்கும் பசைதான் மையை மேலே நிறுத்துவது. அது குறைந்தால் எந்த மையும் நாரின் வழியே ஓடிவிடும். கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காய்ச் சாற்றோடு பாலிலும் நனைப்பது இதற்காகத்தான்: பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவ விடாது. அந்தத் துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் பட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது.

என் மையில் நடப்பதும் அதுவே. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக மாசிக்காயையும் அன்னபேதியையும் கலந்து மை செய்தார்கள். நம் வீடுகளில் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் அதே மாசிக்காய். எழுதும்போது இந்த மையில் தெரிவது கூடச் சேர்த்த நீலச் சாயம். காற்று பட்டபின் இரும்பும் துவர்ப்பும் கூடிக் கரையாத கறுப்பாகி நாருக்குள் உட்கார்ந்துகொள்கிறது. திங்கள் இரவு மூடியில் தொட்டுப் பார்த்த சொட்டு நீலமாக இருந்தது, இன்று கருஞ்சாம்பல்.

வெள்ளி

நான்கு தாள்களிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, இரவு முழுக்கக் குண்டானில் தண்ணீரில் போட்டேன். காலையில் ராயல் புளூ எழுதிய இடமே தெரியவில்லை, தண்ணீர்தான் நீலமாகியிருந்தது. புது மையில் நீலம் கொஞ்சம் கழன்றிருக்கிறது. எழுத்து சாம்பல் நிறத்தில் முழுசாக நிற்கிறது. “35”-இல் ஐந்தின் வளைவுகூடக் கலையவில்லை. பள்ளி நோட்டுத் துண்டு மட்டும் எடுக்கும்போதே கையோடு கிழிந்து வந்தது. மை தாங்கி என்ன, தாள் தாங்க வேண்டாமா?

ஞாயிறு

பேரேட்டில் எழுதுவதென்று முடிவு. கைக்காகிதத்துக்கு அடுத்து நனைந்தும் உறுதியாக இருந்தது அதுதான், நிப்பும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இந்த மை அமிலம் என்பதால் பேனாவில் காயவிடக் கூடாது. எழுதாத நாட்களில் நிப்பையும் அதன் அடியிலுள்ள நாக்கையும் தண்ணீரில் அலசி வைக்க வேண்டும். பல ஆண்டுகளில் தாளையும் அமிலம் அரிக்கக்கூடும். அதற்காக நகல் தாளில் இன்னொரு படி: இப்போதைய நகல் தாள்களில் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பது அமிலத்துக்கு மாற்று.

நீலத் திட்டான பக்கங்களை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அப்பா அழுத்தி எழுதிய பள்ளம் சில இடங்களில் படிக்கக் கிடைக்கிறது. அவற்றையும் சேர்ப்பேன், சந்தேகம் உள்ள எண்ணுக்குக் கீழே கோடிட்டு. வடக்குக் கொல்லையிலிருந்து ஆரம்பித்தாயிற்று.