தண்ணீர் எங்கே போகிறது?

புரட்டாசி உழவு மும்முரம். அந்த மானாவாரி விவசாயி தன் டிராக்டர் ரேடியேட்டருக்குத் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஹோஸில் கசிவில்லை; தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை, இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

“பட்டம் முடியட்டும், பார்த்துக்கலாம்ணே” என்றார் டிரைவர். விவசாயிக்கு மனசு ஒப்பவில்லை. மெக்கானிக்கை அழைத்தார். டிப் ஸ்டிக்கை உருவினால், ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது.

“ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. இனி ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே. தண்ணி கலந்த ஆயில்ல ஓட்டினா பேரிங், கிராங்க் எல்லாம் போயிடும்.”

எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய கேஸ்கெட்தான். அதை மட்டும் மாற்றினால் போதாது. ஹெட்டைக் கழற்றி, நேர்சட்டம் வைத்துப் பார்த்தார் மெக்கானிக், லேசாக வளைந்திருந்தது. பட்டறையில் ஃபேஸிங் செய்த பிறகே புது கேஸ்கெட் போட்டார். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் படிப்படியாக முடுக்கினார். ஆயில், ஃபில்டர் இரண்டும் புதுசு.

இன்ஜின் சூடானதற்குக் காரணம், ரேடியேட்டர் இடுக்கில் அடைந்திருந்த தூசியும் பதரும். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் புது கேஸ்கெட்டும் நிலைக்காது.

மிச்ச உழவை வாடகை டிராக்டர் முடித்தது. கையைக் கடித்த செலவுதான். ஆனால், இன்ஜின் பிழைத்தது.