ஒரே பெயரில் இரண்டு கொள்முதல்! (ஆர்சிங்க் அனுபவங்கள்)

பி.காம் படிக்கிறவனுக்கு லினக்ஸ் கறுப்புத் திரையில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்கு எழுதுவதில் பாதி வேலை, எழுதியதைப் பத்திரமாக வைப்பதுதானே மக்களே! ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை ஏடுகளை வைத்திருக்க வேண்டும். 2013 கம்பெனிச் சட்டப்படி கம்பெனிகளுக்கு 8 ஆண்டு. 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தி, மின்னணுக் கணக்கேடுகளின் காப்பு நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள். அதற்கு முன் 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்று இருந்தது. ஆக, இது நம்ம பாடம்தான். :-)

டிஸ்கி: கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சரி, ஆர்சிங்க் என்றால் என்ன? இரண்டு கணினிகளில் இருக்கும் கோப்புகளை ஒன்றுபோல் ஆக்கும் ஒரு சின்ன மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் எழுதி 1996 ஜூனில் வெளியிட்டார்கள். விண்டோஸ் கணினியும் லினக்ஸும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சம்பாவை எழுதியவரும் இதே டிரிட்ஜெல்தான். ஆர்சிங்க் பற்றி எழுதித்தான் 1999-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

இதன் சூட்சுமம் ரொம்ப அழகு. 50 எம்பி கோப்பில் நான்கு வரி மாறினால், முழுக் கோப்பையும் அனுப்பாது. வாங்கும் கணினி, தன்னிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு அனுப்பும். அனுப்பும் கணினி தன் புதிய கோப்பின்மேல் பைட் பைட்டாக நகர்ந்து, எந்தத் துண்டு ஏற்கனவே அங்கே இருக்கிறது என்று பார்க்கும். இல்லாததை மட்டும் அனுப்பும். நாம் பாஸ்புக்கையும் ரொக்க ஏட்டையும் பக்கத்தில் வைத்து, டிக் அடித்து, மிச்சமிருக்கும் வரிகளை மட்டும் எடுத்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறோமே, அதே வேலை! (ஒரே கணினிக்குள் நகல் எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் போடாது, மாறிய கோப்பை முழுசாகவே எழுதிவிடும்.)

ஆனால் ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று முதலில் எப்படி முடிவு செய்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோப்பின் அளவும், கடைசியாகத் திருத்திய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் 'மாறவில்லை' என்று தாண்டிப் போய்விடும். உள்ளே திறந்தே பார்க்காது. இருப்பாய்வில் பற்றும் வரவும் சரியாக வந்துவிட்டது, அதனால் கணக்கில் பிழையே இல்லை என்று சொல்வது மாதிரி இது. முதலாம் ஆண்டிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், ஈடுசெய் பிழை இருந்தாலும் இருப்பாய்வு சமமாகத்தான் வரும் என்று. சந்தேகம் வந்தால் '--செக்சம்' என்று சேர்த்து ஓட்ட வேண்டும். எல்லாக் கோப்பையும் முழுசாகப் படிக்கும், நேரம் பிடிக்கும். தினமும் வேண்டாம், மாதம் ஒரு முறை போதும்.

இப்போது தலைப்புக்கு வருவோம்.

எங்கள் சித்தப்பா இரும்புக்கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு லினக்ஸ் கணினி. சித்தப்பா மகள் (எனக்கு அக்கா) வீட்டிலிருந்தே பில்களை ஸ்கேன் செய்து போடுவார், அவரிடம் இருப்பது ஒரு பழைய மேக். எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் இன்னொரு லினக்ஸ் கணினிதான் காப்பு. கடையும் மேக்கும் தினமும் ராத்திரி ஆர்சிங்க் வழியாக அதற்கு அனுப்பும். எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். பழைய ஆண்டு ஒன்றில் எடுத்த இன்புட் கிரெடிட்டுக்கான கொள்முதல் பில்களைக் காட்டச் சொல்லி. கிட்டத்தட்ட 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விவகாரம். பில் கையில் இருந்தால்தான் கிரெடிட் எடுக்க முடியும் என்பது 16-வது பிரிவு. காகித பில்களில் பாதி, வெயில் பட்டு வெளுத்துப் போன ரகம். ஸ்கேன்தான் கதி. கடைக் கணினியின் வட்டு அதற்கு முந்தைய ஆண்டே மாற்றியதால், பழைய ஆண்டுகள் காப்பில் மட்டும்தான் இருந்தன.

காப்பிலிருந்து 'கொள்முதல்' கோப்புறையைப் பெயர் தட்டி எடுத்தேன். 64 பில் வந்தது. ஏட்டில் இருந்ததோ 112 பதிவு! சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. "மீதி எங்கடா தம்பி?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட பரவாயில்லை என்று இருந்தது. அக்காவோ "நான் எல்லாத்தையும் போட்டேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறார். ஒருவர்மேல் ஒருவருக்கு சந்தேகம் வர ஆரம்பிக்கும் கட்டம் அது.

அப்புறம் மேல் அடுக்கின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், 'கொள்முதல்' என்று இரண்டு வரி! ஒரே அடுக்கில், ஒரே பெயரில், இரண்டு கோப்புறை. ஒரு இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாதே? கடைசியில் இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பெயர்களின் நீளத்தை பைட்டில் எண்ணினேன். ஒன்று 27 பைட், இன்னொன்று 30 பைட்.

அந்த 3 பைட்டில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியீடு, அல்லது 'க'வுக்குப் பின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை எப்போதும் பிரித்து வைத்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் எதையும் மாற்றாது, வந்த பைட்டை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆக, மேக்கிலிருந்து வந்த கொள்முதலும் கடையிலிருந்து வந்த கொள்முதலும் லினக்ஸ் பார்வையில் வேறு வேறு ஆட்கள். நான் விசைப்பலகையில் தட்டினால் சேர்ந்த 'கொ'தான் வரும், அதனால் கடைக்காரக் கோப்புறை மட்டுமே திறந்தது. அக்காவின் 48 பில் பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. 64-ம் 48-ம் 112. கணக்கு நேர்!

அக்காவின் ஞாபகம் சரி, கடைப் பையன் செய்ததும் சரி, ஆர்சிங்கும் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது. கொ, கோ, கௌ வரிசை எழுத்து இருக்கிற எந்தப் பெயருக்கும் இது நடக்கும். 'விற்பனை' கோப்புறையில் பிரச்சினையே வரவில்லை, ஏனென்றால் அதில் இரண்டாகப் பிரிய ஒன்றும் இல்லை.

தீர்வு: மேக்கிலிருந்து அனுப்பும்போது '--ஐகான்வ்=யுடிஎஃப்-8-மேக்,யுடிஎஃப்-8' என்று சேர்க்க வேண்டும். முதலில் இருப்பது நம் கணினியின் முறை, அடுத்தது எதிர்ப்பக்கத்தின் முறை. இது ஆர்சிங்க் 3.0-வில், அதாவது 2008-ல்தான் வந்தது. மேக்கோடு பல ஆண்டுகள் கூடவே வந்ததோ 2.6.9 என்ற பழைய பதிப்பு, அதற்கு இந்த வார்த்தையே புரியாது. புதியதைத் தனியாக நிறுவ வேண்டும். ஏற்கனவே காப்பில் குவிந்து கிடக்கும் பெயர்களைச் சேர்த்து எழுத 'கான்வ்எம்வி' என்ற கருவி இருக்கிறது. ஆனால் இரட்டைக் கோப்புறை இருக்கும் இடத்தில், உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஒன்றாக்கிய பிறகுதான் அதை ஓட்ட வேண்டும்.

இதைத் துழாவும்போது வந்த மற்ற தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

1. கடைசி சாய்கோடு. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் '/' போட்டால் 'உள்ளே இருப்பதை மட்டும் அனுப்பு' என்று அர்த்தம். போடாவிட்டால் 'கோப்புறையையும் சேர்த்து அனுப்பு'. கணக்கு/கணக்கு/கணக்கு என்று அடுக்கிக்கொண்டே போனால் இதுதான் காரணம்.

2. தினமும் எல்லாமே திரும்ப நகலாகிறதா? வெளி வட்டு பழைய ஃபேட்32 முறையில் இருக்கலாம். அது நேரத்தை 2 விநாடி இடைவெளியில்தான் குறிக்கும். ஒற்றைப்படை விநாடியில் சேமித்த கோப்பு எப்போதும் மாறியது போலவே தெரியும். '--மாடிஃபை-விண்டோ=1' போட்டால் சரியாகிவிடும். கோப்பின் உரிமையாளர் விவரமெல்லாம் அங்கே தங்காது, அதனால் '-ஏ'வுக்குப் பதில் '-ஆர்டி' போதும். 4 ஜிபியைத் தொடும் கோப்பையும் அது ஏற்காது.

3. 'புரோட்டோகால் பொருந்தவில்லை, உங்கள் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?' என்று ஒரு பிழை வரும். என் தம்பி மாடிக் கணினியில், உள்ளே நுழைந்தால் தினம் ஒரு குறள் காட்டும்படி பேஷ்ஆர்சி கோப்பின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருந்தான். நல்ல எண்ணம்தான்! ஆனால் ஆர்சிங்க் தன் பாஷையில் பேச ஆரம்பிக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து குறள் வந்தால் அது என்ன செய்யும், பாவம். மனிதர் நேரடியாக நுழையும்போது மட்டும் காட்டும்படி அந்த வரியை மாற்றிவிட்டோம், தீர்ந்தது.

4. முடிவு எண்ணைப் பாருங்கள். 0 என்றால் சரி. 24 என்றால் நகல் எடுக்கும்போதே சில கோப்புகள் காணாமல் போயின, பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகள், பயமில்லை. 23 என்றால் சில கோப்புகள் போய்ச் சேரவில்லை. இதைச் சும்மா விடக் கூடாது, எந்தக் கோப்பு என்று பதிவேட்டில் தேடிப் பிடிக்க வேண்டும்.

5. எதையும் ஓட்டும் முன் '-என்' போட்டு ஒத்திகை பாருங்கள். கூடவே '-ஐ' போட்டால், ஒவ்வொரு கோப்பும் ஏன் போகிறது (அளவு மாறியதா, நேரம் மாறியதா) என்று வரி வரியாகச் சொல்லும்.

இப்போது முக்கியமான விஷயம். ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. '--டெலிட்' போட்டால், இந்தப் பக்கம் அழித்தது அந்தப் பக்கமும் அழியும். எங்கள் கட்டளையில் மட்டும் அது இருந்திருந்தால், கடையும் மேக்கும் ஒரே இடத்துக்கு அனுப்புவதால், ஒன்று மற்றதன் கொள்முதலை ராத்திரிக்கு ராத்திரி அழித்துக்கொண்டே இருந்திருக்கும். அந்த 48 பில்லும் மிஞ்சியிருக்காது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், துணைத் தரவுத்தளத்தைக் காலி செய்யப் போன பொறியாளர் பிரதான தரவுத்தளத்தில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். காப்பு இருந்ததே என்று தேடினால், தினசரி நகல் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாமல், நகல் எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் வேறு ஒரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இதை எல்லாம் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதற்கே ஒரு சல்யூட்.

நாங்கள் இப்போது '--லிங்க்-டெஸ்ட்' பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு நாளும் தேதியிட்ட தனிக் கோப்புறை. மாறாத கோப்புகள் நேற்றைய நகலோடு இணைப்பாக மட்டும் இருக்கும், இடம் எடுக்காது. மாறியது மட்டும் புதிதாக எழுதப்படும். எந்தத் தேதியைத் திறந்தாலும் அன்றைய முழுக் கணக்கும் இருக்கும். ஏட்டில் அழித்து எழுதாமல் திருத்தப் பதிவு போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்குக்கும் கடைக்கும் தனித்தனி அடுக்கு கொடுத்தாகிவிட்டது. இன்னொரு வட்டு மாதம் ஒரு முறை சித்தி வீட்டுக்குப் போய் வருகிறது. மாடியில் மழைத் தண்ணீர் இறங்கினால்?

இன்னொன்று, தணிக்கை. மாதக் கடைசி ஞாயிறு, ஏட்டிலிருந்து ஏதாவது ஐந்து பதிவுகளை அக்கா சொல்வார். அந்த ஐந்து பில்லையும் காப்பிலிருந்து எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். எண்ணிக்கையும் ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். மாதிரித் தணிக்கை என்று நாம் படிப்பதுதான். திருப்பி எடுத்துப் பார்க்காத காப்பு, எண்ணிப் பார்க்காத கல்லாப்பெட்டி மாதிரி. பூட்டு பெரிசாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் காப்பிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால் சந்தோஷம். திறக்காவிட்டால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே தெரிந்ததே என்று அதைவிட சந்தோஷம்!

பி.கு: தமிழில் கோப்புப் பெயர் வைக்காதே, அதனால்தான் இந்த வம்பு என்று நண்பன் ஒருவன் அறிவுரை சொன்னான். முடியாது. சித்தப்பாவுக்குத் தமிழில் இருந்தால்தான் கண்டுபிடிக்க வரும், கடையும் அவருடையது. பெயரை மாற்றுவதைவிட கட்டளையில் ஒரு வார்த்தை சேர்ப்பது சுலபம். ஒன்று மட்டும் கவனம், லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, தமிழில் எழுதினால் சுமார் 85 குறியீடுகள். ஒரு கதையையே கோப்புப் பெயராக வைக்காத வரை பிரச்சினை இல்லை. :-)