பரிசல்காரர் படித்த ஆறு

சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுந்த காவிரி, மேகதாட்டின் குறுகிய பாறையிடுக்கை அடைவதற்கு முன், பீமேஷ்வரி, கலிபோரே முதலிய வனப்பகுதிகளில் ஆழ்ந்த மடுக்களாகவும் சீறும் பாய்ச்சல்களாகவும் மாறி மாறி ஓடுகிறது. கெண்டை இனத்தில் பேருருவம் படைத்த மகசீருக்கு அம்மடுக்களே வாசஸ்தலம். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலில், போராடும் பலத்தில் இம்மீனைச் சால்மனுக்கும் மேலாக வைத்தார். 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த 120 பவுண்டு மகசீரைப் பற்றித் தூண்டில் பிரியர்கள் இன்றும் பக்தியோடு பேசுகிறார்கள். ஆனால் தூண்டிற்கோலைப் பிடித்தவர்களின் கீர்த்தி இவ்வாறு நூலேறியிருக்க, மீன் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்த பரிசல்காரர்களைப் பற்றி எழுதியவர் சிலரே. அத்தகைய ஒருவரைச் சந்திக்கும் ஆவலே என்னை அந்த ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்றது.

தமிழும் கன்னடமும் கலந்து பேசும் அந்த முதியவர், முதலில் என்னை அழைத்துச் சென்றது ஆற்றுக்கல்ல, அடுப்பங்கரைக்கு. தூண்டில் இரை செய்யும் முறையைக் காட்ட, கேழ்வரகு மாவைப் பிசைந்து, எலுமிச்சை அளவு முதல் ஆரஞ்சு அளவு வரை உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, மறுபடியும் பிசைந்து இறுக்கினார். “களி மாதிரி குழைஞ்சா பொடிமீனு கொத்தித் தின்னுட்டுப் போயிடுங்க, ஐயா. கல்லு மாதிரி இறுகினா பெரிய மீனு துப்பிடும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்” என்றார். அந்த நடுநிலையை விரலின் ஸ்பரிசத்தாலன்றி வேறெந்த அளவையாலும் அறிய இயலாது என்பது, நான் உருட்டியதை அவர் புன்னகையோடு வாங்கி மறுபடி பிசைந்தபோது விளங்கிற்று. தூண்டில் முள்ளுக்கு மேலே தூண்டில் நரம்பில் ஈயத்தைச் சுருளாகச் சுற்றுவதிலும் ஒரு யுக்தி உண்டு: பாறையிடுக்கில் ஈயம் மாட்டிக்கொண்டால் அது மட்டும் நழுவிப் போகும், நரம்பும் மீனும் தப்பும்.

பின்னர்ப் பரிசலில் ஏறினோம். தூண்டில் போட அங்கே இப்போது அனுமதி இல்லையாதலால், துடுப்பின் நுனியாலேயே எனக்கு ஆற்றைப் படித்துக் காட்டினார். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழையின் செந்நீர் கரை புரளுகையில், மகசீர் இனப்பெருக்கத்தின் பொருட்டு மேல்நோக்கி ஏறும். அக்காலத்தில் தூண்டிற்காரனுக்கு வேலையில்லை. வெள்ளம் வடியும் ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் முற்றும் தெளியாமல் இருக்கும். தை பிறந்து நீர் தெளிந்து மட்டமும் நிலைத்த பிறகே உண்மையான பருவம். அப்போது பாய்ச்சல் ஓய்ந்து மடுவில் கலக்கும் விளிம்பில், இரை வந்து சேருமிடத்தில், மீன் காத்திருக்கும். சித்திரை வெயிலில் ஆறு சுருங்க, மீன்கள் ஆழத்தில் ஒடுங்கும். எங்கோ பெய்த கோடைமழையால் நீர் சற்றே நிறம் மாறினால் மறுபடி இரையெடுக்கும். இவற்றோடு, மேலே உள்ள அணையின் மதகு திறப்பதையும் மூடுவதையும் கரைக்கல்லின் ஈரத்தைக் கொண்டே அவர் கணித்தார்.

மீன் இரையுருண்டையைக் கவ்வியதும் நேர்வது பெரும் ஓட்டம். பாறைகளைச் சுற்றி நரம்பை அறுப்பதே அதன் தந்திரம். பரிசலைச் செலுத்தியோ, நீந்திச் சென்றோ, சுழலினிடையே நரம்பை விடுவிப்பது பரிசல்காரரின் பொறுப்பு. “அது ஓடறப்ப இழுக்கக் கூடாதுங்க, அது நிக்கறப்பதான் நாம ஓடணும்” என்று தம் தொழிலின் சாரத்தைச் சொன்னார். கரை சேர்ந்த மீனை எடைபார்த்து, களைப்புத் தீரும்வரை நீரிலேயே கட்டிவைத்து, மீண்டும் விட்டுவிடுவது பின்னாளில் நிலைபெற்ற சம்பிரதாயம். முன்பு வெடிவைத்து மீன் கொன்றவர்களிலும் சிலர், உயிருள்ள மீனே தங்களுக்கு ஜீவனோபாயம் என்று கண்டு, தூண்டிற்காரர்களுக்கான மீன்முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர்.

பிறகு, இவ்வனப்பகுதிகள் அடங்கிய சரணாலயத்துக்குள் விளையாட்டு மீன்பிடிப்பும் வேட்டையே என்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விளக்கம் கூறப்பட்டு, தூண்டில்கள் விலக்கப்பட்டன. சட்டத்தின் நோக்கத்தை நான் குறைகூறேன். எனினும், காவிரிக்கே உரிய திமில் மகசீர், டார் ரெமாதேவி என்னும் இனமே என்று 2018-இல் தெளிவாகி, அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டிருக்கும் இவ்வேளையில், மீன்வளம் பெருகட்டும் என்று நல்லெண்ணத்துடன் குஞ்சுகளாக ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரே அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குஞ்சுகள் வந்த பிறகு திமில் மீன் கண்ணில் படுவது அரிதானதை, எந்த மடுவில் எந்த மீன் என்று ஆண்டுதோறும் கண்டு வந்த இப்பரிசல்காரர்கள் உணர்ந்திருந்தார்கள். அவர்களைக் கேட்டவர் இல்லை. தூண்டில் மீண்டும் வருகிறதோ இல்லையோ, எஞ்சிய மடுக்களைக் காப்பதற்கும் அங்குள்ள மீன்களைக் கணக்கெடுப்பதற்கும் இவர்களுக்கு ஊதியமும் உத்தியோகமும் தருவதே, அவர்கள் உயிரோடு இருக்கும் காலத்தில் நாம் செய்யக்கூடிய விவேகமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.