நடக்கச் சொல்கிறார்கள்

நீரிழிவு செல்வந்தர் நோய் என்னும் பழைய எண்ணம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. கூடை சுமந்து மலையேறுகிறவளுக்குச் சீனி வருத்தம் வருமா என்று கேட்பவர், மலையக மருத்துவமனை எதற்காயினும் கிளினிக் நாளில் ஒருமுறை சென்று பார்க்கட்டும். ஓய்வுபெற்ற கொழுந்துப் பெண்கள், கடைச் சிப்பந்திகள், தோட்டத்து எழுதுவினைஞர்கள். அவர்களோடு ஆசிரியர்களாகிய நாமும் வரிசையில் நிற்கிறோம்.

லயத்திலே பிறந்து, படித்து, நாற்காலியைப் பிடித்த முதல் தலைமுறை நம்மிற் பலர். மேடேறிய கால்கள் இன்று முச்சக்கர வண்டியில் ஏறுகின்றன. வயிறு மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் குவித்த சோறு, இடையிடையே சீனித் தேத்தண்ணீர். இந்த உணவை நம் முன்னோர் விரும்பித் தேர்ந்தார்களா? தோட்டத்தார் அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்திற் கழித்த காலத்தில் வாய்த்த உணவு அது. அவர்கள் உடலில் எரிந்துபோயிற்று. நம் உடலில் தங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கருவிலே ஊட்டம் குன்றி, எடை குறைந்து பிறந்த பிள்ளை பிற்காலத்தில் உடல் பருத்தால், நீரிழிவு அவனை எளிதிற் பற்றும் என்கின்றனர் ஆய்வாளர். இலங்கையில் எடை குறைந்த பிறப்பு மிகுந்திருப்பது தோட்டப்புறத்திலேதான். பாட்டியின் பட்டினிக்குப் பேரன் வட்டி கட்டுகிறான்.

எனினும் விதியென்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து, முடிவை 2006இல் வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோருக்கு அபாயம் 28.5 வீதம் குறைந்தது. மெற்போமின் மாத்திரை விழுங்கியோருக்கு 26.4 வீதம். திருத்திக்கொண்டோரின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதே இதில் வியப்பு.

தையற்காரரின் அளவு நாடா போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். 35 வயதைக் கடந்தோருக்குச் சுகவாழ்வு நிலையங்களில் அது இலவசம். ஆனால் வேலை நாளில் போனால் அன்றைய பேர் போய்விடுமே! நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால், மாதம் ஒரு கிலோவுக்கு மேல் சீனி. உள்ளங்கையிற் சிறிது சீனி வைத்து நக்கியபடி வெறுந்தேநீர் குடித்த கிழவிகள் நம்மிலும் சிக்கனமாயிருந்தனர்.

காய்கறி தின்னச் சொல்வதும் எளிது. நுவரெலியாவின் கரட்டும் கோவாவும் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. தோட்டத்துக் கடைக் கொப்பியில் கடனாகக் கிடைப்பவை மாவும் சீனியுமே.

எங்கே நடப்பது? தேயிலைக்குள் சிறுத்தை, பாதையெல்லாம் கல், இருட்டினால் பெண்களுக்கு அச்சம். ஆதலால் பாடசாலை மைதானத்தை மாலையிலே திறந்துவைக்கச் செய்தோம். முதல் நாள் வந்த ஓய்வுபெற்ற தாயொருத்தி கேட்டாள்: “நாப்பது வருஷம் மலையில நடந்தது பத்தாதா, சேர்?”

நடை சேமலாப நிதிபோலச் சேர்ந்து கிடப்பதில்லை, கால் ஓய்ந்தால் அதன் பயனும் ஓய்ந்துவிடும் என்று விளக்கினோம். அவள் முழுதும் ஒப்பவில்லை. மழை விட்ட நாட்களில் வருகிறாள்.