குடை விரித்த விருந்தாளிகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பதினைந்தடியில் ஓர் இடம் இருக்கிறது. அதைத் 'தோட்டம்' என்று சொல்கிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நானும் என் மனைவியும். ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு டஜன் தொட்டிகள், நடுவில் என் பெண் பிடிவாதம் பிடித்துப் போட்ட ஒரு துண்டுப் புல்தரை. அங்கே நான் நட்டது எதுவும் உருப்படியாக வந்தது கிடையாது. நடாதவை அமோகமாக வரும்.

போன ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். தொட்டி ஒன்றில் ஈரம் தங்குவதற்காகத் தேங்காய் நார் போட்டிருந்தேன். அதன்மேல் சட்டைப் பொத்தான் அகலத்தில் சின்னஞ்சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் நாலைந்து முட்டைகள்! ஏதோ பூச்சி குடித்தனம் வைத்துவிட்டது என்று மருந்து டப்பாவைத் தேடப் போனேன்.

"தாத்தா, அது பூச்சி இல்லை. காளான்!" என்றான் பேரன். கைபேசியில் படம் பிடித்து அதற்குள் பெயரையும் கண்டுபிடித்துவிட்டான். பறவைக்கூட்டுக் காளானாம். மழைத் துளி கிண்ணத்துக்குள் விழுகிற வேகத்தில் 'முட்டைகள்' தெறித்துப் போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்குள்தான் வித்து இருக்கிறது. மழையையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பிராணியின் சாமர்த்தியத்தை வியந்தபடி திரும்பினேன். (பிராணி என்பது சரிதானா என்று கேட்காதீர்கள். காளான் செடியும் அல்ல, விலங்கும் அல்ல. விஞ்ஞானிகள் அதற்குத் தனி ராஜ்யமே கொடுத்துவிட்டார்கள்.)

திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். புல்தரையில் அரை வட்டமாகப் பதினோரு வெள்ளைக் குடைகள்! சில, பலகாரத் தட்டு அகலம். மேலே தவிட்டு நிறத்தில் செதில்கள். தண்டில் மோதிரம் போட்டாற்போல் ஒரு வளையம். முந்தின நாள் அங்கே ஒன்றுமே இல்லை.

ஒரே இரவில் முளைத்துவிடுகிறது என்று சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் அது மண்ணுக்குள் வெகு நாளாகக் குடியிருக்கிறது. வெள்ளை நூல் போன்ற இழைகள்தான் அதன் உடம்பு. அந்த இழைகள் ஓரிடத்தில் தொடங்கி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதால்தான், குடைகள் வட்டமாக எழும்புகின்றன. சின்ன மொட்டுக்களாகத் தயாராக இருந்தவை மழை நீரை உறிஞ்சிக் குப்பென்று விரிந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது பழம் மட்டுமே. புறநானூற்றில் குமணனைத் தேடிப் போன பெருந்தலைச் சாத்தனார், சமையலையே மறந்துவிட்ட தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்ததைப் பாடியிருக்கிறார். எங்கள் அடுப்புக்கு அந்தக் கதி வரவில்லை. பிரச்சினை, காளானை அடுப்பில் ஏற்றலாமா என்பதுதான்.

பேரன் மறுபடி படம் பிடித்தான். கைபேசி மூன்று பெயர்களைக் காட்டியது. முதலாவது பாரசோல் காளான். ஐரோப்பாவில் ருசித்துச் சாப்பிடுவார்களாம். மற்ற இரண்டையும் அவனும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

"சாப்பிடலாமாம்" என்றேன்.

"யார் வேண்டாமென்றார்கள்? நீங்கள் சாப்பிடுங்கள்" என்றாள் என் மனைவி.

எனக்கும் தைரியம் வரவில்லை. அந்தச் சமயத்தில் வாசல் பெருக்கி முடித்துவிட்டு ஆயா வந்தாள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. "எங்க ஊர்ல புத்துக்காளான் கொளம்பு வச்சா நாலு வீட்டுக்கு மணக்கும்" என்றாள். அவ்வளவுதான். "அப்படியானால் நீ எடுத்துப் போயேன், ஆயா" என்று என் மனைவி சொல்ல, "தாராளமாக எடுத்துப் போ. நல்ல இனந்தான். வெளிநாட்டிலெல்லாம் சாப்பிடுகிறார்கள்" என்று நான் சான்றிதழ் கொடுக்க, பேரன் பத்துக் குடைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக் கொடுத்தான். மழை வலுக்கும் முன்னே ஆயா ஓட்டமாகப் போய்விட்டாள்.

நாங்கள் சாப்பிடத் துணியாததை அவளுக்குக் கொடுத்தோம். அப்போது அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிற்பகல் என் பெண்ணின் பழைய தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினேன். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் கட்டுக்கதையாம். ஆனால் வித்தின் நிறத்தைப் பார்க்க ஓர் எளிய உபாயம் இருந்தது. மிச்சமிருந்த ஒரு குடையின் தண்டை வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் வைத்துக் கிண்ணத்தால் மூடினேன். இரவு ஏழரை மணிக்குத் திறந்து பார்த்தேன். காகிதத்தில் விசிறி விசிறியாகக் கோடுகள். காய்ந்த மருதாணிப் பொடியின் பச்சை!

பேரனின் கைபேசியை வாங்கி இரண்டாவது பெயரைப் படித்தேன். பச்சை வித்துக் குடைக்காளான். புல்தரைகளில் சர்வ சாதாரணமாக வரும். பாரசோலைப் போலவே இருக்கும். ஆனால் பாரசோலின் வித்து வெள்ளை. தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தி பேதி. பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்து எழுந்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

ஆயா வீட்டில் இரண்டு பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அவளுடைய கைபேசி அணைந்து கிடந்தது. "வீடு எங்கே?" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஆறு வருஷமாக வேலைக்கு வருகிறவள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் என் நாவல்களில் குடிசைகளை வர்ணித்து, 'நேரில் பார்த்தது போல இருக்கிறது' என்று வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வாங்கியவன்.

குடையோடு புறப்பட்டேன். டீக்கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயரில் மூன்று பேர் என்றார்கள். எந்த வீதி, மகன் என்ன வேலை என்றெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விழித்தேன். நான்காவது சந்தில் ஒரு பையன் அழைத்துப் போய்க் காட்டினான். வாசல் திறந்திருந்தது. இரண்டு குழந்தைகள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தன.

"சாப்பிடாதீர்கள்!" என்று கத்திவிட்டேன். சின்னது அழத் தொடங்கியது.

"என்னங்கய்யா, இந்த மழையில?" என்று ஆயா எழுந்து வந்தாள்.

"காளான்! காளானைச் சமைத்தாயா?"

"அதை எங்க சமைக்கிறது? பையைக் கொட்டிப் பார்த்தேன். புத்துக்காளானுக்கு அடியில வால் மாதிரி நீளமாப் போவும். புத்துக்குள்ள கறையான் வளக்கிறதில்லையா, அது வரைக்கும் போவும். இது அடியில குண்டா, அதோட முடிஞ்சு போச்சு. குழி வெட்டிப் புதைச்சுட்டேன்."

"காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க படிச்சவங்க, நல்லதுன்னு சொன்னீங்க. நான் என்னத்தைச் சொல்ல?" என்றவள், சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா, நீங்க மிச்சத்தைச் சமைச்சிடலையே? தம்பி தின்னுடப் போவுதுன்னுதான் சாயந்திரமே போன் போடப் பார்த்தேன். சார்ஜ் இல்ல. விடியக்காலம் ஓடியாந்து சொல்லணும்னு இருந்தேன்."

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டைக் கொடுத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரசஞ்சோறுதான். சாப்பிடுறீங்களாய்யா?"

சாப்பிட்டேன். மறுசோறு கேட்கக் கூச்சமாக இருந்தது, அவளே போட்டாள்.